அக்கா சொல்லியிருப்பாள்

அக்கா என்னோடு கடைசியாகப் பேசியது ஓர் அலமாரிக் கதவைப் பற்றி.

வேலைக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் எனக்கு வீடியோவில் அழைப்பது அவள் வழக்கம். இடம் கிடைக்காத நாளில் அழைக்க மாட்டாள். ஆகவே அவள் அழைத்தால் எனக்கு இரண்டு விஷயம் தெரியும். அவள் உட்கார்ந்திருக்கிறாள், அவள் நிறுத்தம் வரும்வரை என்னை விடப்போவதில்லை. அன்றைக்கு நான் கைபேசியை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் விடுதி அறையின் அலமாரி, யாரும் தொடாமலே மெல்லத் திறந்துகொண்டது.

"ஏய், உன் பின்னாடி யாரோ எட்டிப் பாக்கறாங்கடி."

"அலமாரி. மூட மாட்டேங்குது."

"ஆபீஸ்ல சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். ஆன்லைன்ல புகார் குடுக்கச் சொன்னாங்க. குடுத்தா, கதவு திறந்திருக்கற ஃபோட்டோ ஒண்ணு, மூடியிருக்கற ஃபோட்டோ ஒண்ணு வேணுமாம். மூடினா நான் ஏன் புகார் குடுக்கறேன்?"

அக்கா சிரித்த சிரிப்பில் முன் இருக்கைப் பெண்மணி திரும்பிப் பார்த்தார். "ஒரு அட்டைய நாலா மடிச்சு அடியில சொருகு, தீர்ந்துது. கவர் கிழியுதா இல்லையான்னு பாக்கறதுக்குக் கடல் தாண்டிப் போயிருக்கே. ஒரு கதவ மூடத் தெரியல உனக்கு."

நான் படித்துக்கொண்டிருந்தது உணவுப் பொருள்களைப் பொட்டலம் கட்டும் தொழில்நுட்பம். ஒட்டிய உறைகளை இயந்திரத்தில் மாட்டி இழுத்து, எந்த விசையில் பிரிகின்றன என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. அக்கா ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். "நான் எலும்பைப் பாக்கறேன், நீ பிஸ்கட் கவரைப் பாக்கறே, அம்மாவுக்கு நம்ம ரெண்டு பேரையும் வெளியில சொல்லிக்கவே முடியல" என்பாள். அன்றும் ஏதோ சொல்லவந்து, "சரி, ஸ்டாப் வந்துடுச்சு" என்று துண்டித்துவிட்டாள். வைக்கட்டுமா என்று கேட்கிற பழக்கம் அவளுக்கு என்றுமே கிடையாது.

மறுநாள் காலையில் அழைப்பு வரவில்லை. இடம் கிடைக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆய்வகத்துக்குக் கிளம்பும்போது பெரியப்பா அழைத்தார். பெரியப்பா தானாக என்னை அழைப்பவர் அல்ல.

"கண்ணு, சாப்பிட்டியா?"

"சொல்லுங்க பெரியப்பா. என்ன?"

"ஒண்ணுமில்ல. அக்காவுக்கு லேசா உடம்பு முடியல. தலைவலின்னா. அவ ஆஸ்பத்திரிலயே சேத்திருக்கு. நல்லாத்தான் பாத்துக்கறாங்க. நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிடேன்."

"லேசா முடியலன்னா நான் ஏன் வரணும்?"

"வந்தா அவளுக்கு ஒரு தெம்பா இருக்கும்ல."

"அம்மாகிட்ட குடுங்க."

"அம்மா இப்பதான் கண் அசந்தா."

எங்கள் குடும்பத்தில் யாரும் தொலைபேசியில் இறப்பதில்லை. தொலைபேசியில் எல்லாருக்கும் 'கொஞ்சம் முடியல'தான். நாம் பெட்டியோடு தெருமுனையில் வந்து இறங்கிய பிறகுதான் அவர்கள் இறப்பார்கள். வருகிற வழியில் பிள்ளை தனியாக அழக்கூடாது என்று பெரியவர்கள் சேர்ந்து செய்துவைத்திருக்கிற ஏற்பாடு இது. இது எனக்குத் தெரியாததல்ல. அப்பா போனபோது நான் வெளியூரில் கல்லூரி விடுதியில் இருந்தேன். அன்றும் பெரியப்பா, "அப்பாவுக்கு லேசா நெஞ்சு வலி" என்றுதான் ஆரம்பித்தார். அக்கா அவர் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கினாள். "குட்டி, அப்பா போயிட்டாரு. இப்பவே அழுது முடிச்சுட்டு பஸ் ஏறு. பஸ்ல அழாத. பக்கத்துல இருக்கறவன் பாவம் பாத்து ஜன்னல் சீட்டக் குடுத்துட்டு, வழியெல்லாம் அவன் கதையச் சொல்லுவான்" என்றாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆகவே பெரியப்பா பேச்சை நான் நம்பவில்லை. ஆனால் நம்பாமல் நான் என்ன முடிவுக்கு வந்தேன் என்பதைத்தான் இன்றுவரை என்னால் யாருக்கும் விளக்க முடியவில்லை. நிலைமை மோசம், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குமேல் மனம் போகவில்லை. யாராவது இறந்திருந்தால் அக்கா சொல்லியிருப்பாள்.

கிளம்புவதில் ஒரு சிக்கல். என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. விசா புதுப்பிக்கும் பருவம். வெளிநாட்டு மாணவர்கள் எல்லாருடைய பாஸ்போர்ட்டுகளும் பல்கலைக்கழக அலுவலகத்தில் கட்டுக்கட்டாக இருந்தன. அங்கே ஒரு அம்மாள். சுத்தமான சட்டை, சன்னமான குரல். எதைக் கேட்டாலும் முதலில் லேசாகத் தலைவணங்கிவிட்டுப் பிறகு இல்லை என்பார். எங்களுக்குள் அவருக்கு 'முத்திரை மேடம்' என்று பெயர். அவர் நாற்காலிக்குப் பின்னால் சாம்பல் நிற இரும்பு அலமாரி ஒன்று பூட்டியிருந்தது. என் பாஸ்போர்ட் அதற்குள். என் அறை அலமாரி மூடாது. இந்த அலமாரி திறக்காது.

என்னோடு அறைத்தோழியும் வந்தாள். எனக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவள், தமிழ்ப் பெண். எல்லாரும் 'சீனியர்' என்றே கூப்பிட்டோம். அந்த ஊர் மொழி அவளுக்கு என்னைவிட நன்றாக வரும்.

முத்திரை மேடம் விதியைப் பொறுமையாக விளக்கினார். புதுப்பிப்பு பாதியில் இருக்கும்போது பாஸ்போர்ட்டைத் திரும்பக் கொடுக்கக் காரணம் வேண்டும். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளை, இவர்களுக்குக் கடும் நோய் என்றால் கொடுக்கலாம். உடன்பிறந்தவர்களின் நோய் அந்த வரிசையில் இல்லை. மருத்துவமனைக் கடிதம் வந்தால் மேலிடத்துக்கு அனுப்பிக் கேட்கலாம். பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

"உடன்பிறந்தவர் இறந்துவிட்டாரா?" என்று கேட்டார்.

"இல்லை."

"இறந்திருந்தால் இப்போதே கொடுக்கலாம்."

"இல்லை. உயிரோடு இருக்கிறாள்."

தலைவணங்கினார். அப்படியென்றால் முடியாது.

வராந்தாவுக்கு வந்து பெரியப்பாவை அழைத்தேன். மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வாங்கிப் படம் எடுத்து அனுப்புங்கள், அவ்வளவுதான் என்றேன். டாக்டர் ரவுண்ட்ஸ் போயிருக்கிறார் என்றார். பிறகு, கடிதம் டைப் அடிக்கிற பெண் சாப்பிடப் போய்விட்டாள் என்றார். மூன்றாம் முறை, ஆஸ்பத்திரியில் கரண்ட் இல்லை என்றார்.

"தீவிர சிகிச்சைல ஆள வெச்சுக்கிட்டு கரண்ட் இல்லையா? அப்ப அக்காவுக்கு?"

"அது வேற லைன் கண்ணு. அங்க இருக்கு. இங்க ஆபீஸ்லதான் இல்ல."

"மாமாகிட்ட குடுங்க." மாமா என்றால் அக்காவின் கணவர்.

"மாப்பிள்ள உள்ள இருக்காரு. உள்ள செல்லு எடுத்துட்டுப் போகக்கூடாது."

நடுநடுவே அக்காவின் எண்ணுக்கும் அடித்துக்கொண்டிருந்தேன்; மணி போனது, யாரும் எடுக்கவில்லை. இப்படி ஒரு கடிதம் வாங்கத் துப்பில்லாத குடும்பமா என்று எரிச்சலாக வந்தது. எக்ஸ்ரே எடுப்பவள் வீட்டில், ஆஸ்பத்திரியில் எல்லாரையும் தெரிந்தவள் வீட்டில். அக்கா இருந்தால் வெளியூர்க்காரனுக்குக்கூட நின்ற நிலையில் கடிதம் வாங்கிக் கொடுப்பாள். 'அவளே எழுந்து வந்து வாங்கினால்தான் உண்டு போலிருக்கிறது' என்று மனதுக்குள் திட்டினேன்.

சீனியர் என் கையைப் பிடித்தாள். "நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. அவங்க ரெண்டு தடவை அதையே கேட்டாங்க. இறந்துட்டாங்களா, இறந்துட்டாங்களான்னு. பேசாம ஆமான்னு சொல்லிடு. பேப்பர் எல்லாம் ஊருக்குப் போயி அனுப்பினாப் போதுமாம். ஃபிளைட் மத்தியானம்."

"வாயக் கழுவு முதல்ல."

"ஏய், நான் என்ன சாபமா விடறேன்? ஒரு பொய்யி. போயி அக்காவப் பாத்துட்டு வா. அவங்க எழுந்து உக்காந்ததும் சொல்லு, உன்னச் சாகடிச்சுட்டுத்தான் வந்தேன்னு. சிரிப்பாங்க."

சிரிப்பாள்தான். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் உயிரோடு இருக்கிறவளை வாயால் சாகடிப்பதா? அந்தச் சொல் என் நாக்கில் ஏறவே இல்லை. சொன்னால் பலித்துவிடும் என்ற பயம். உறையின் ஒட்டுவிசையை மூன்று தசமம்வரை அளக்கிற ஆராய்ச்சிக்காரிக்கு அப்படி ஒரு பயம். சீனியரிடமிருந்து அங்கேயே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கடைசியில் பெரியப்பாவிடமிருந்து ஒரு படம் வந்தது. சாய்வாக எடுத்த மருந்துச் சீட்டு. ஓரத்தில் அவர் கட்டைவிரல். பார்க்கக்கூட நிற்காமல் உள்ளே ஓடி முத்திரை மேடத்திடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு மிகவும் மரியாதையாக, நோயாளி ஓர் ஆண், வயது அறுபத்தெட்டு, சர்க்கரைக்கு மாத்திரை என்று போட்டிருக்கிறதே, இவர்தான் உங்கள் அக்காவா என்று கேட்டார்.

பெரியப்பா தன் சொந்தச் சீட்டையே அனுப்பியிருந்தார்.

"இன்னொரு முறை கேட்கிறேன்" என்றார் முத்திரை மேடம். இம்முறை குரலைத் தாழ்த்தி, என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். "உங்கள் சகோதரி உயிரோடு இருக்கிறாரா? நிச்சயமாகத் தெரியுமா?"

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து விட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "நிச்சயமாக!" என்று கத்தினேன். வரிசையில் நின்ற பிள்ளைகள் தங்கள் காகிதங்களைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டார்கள்.

வராந்தாவுக்கு வந்து பெரியப்பாவை மறுபடி தொலைபேசியில் பிடித்துக்கொண்டேன். "உங்க சர்க்கரைச் சீட்ட யார் கேட்டா? ஒரு கடுதாசி பெரியப்பா! ஒரே ஒரு கடுதாசி! எங்க அக்காவ நான் பாக்க வேண்டாமா?"

அவருக்குப் பின்னால் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் யார் இத்தனை நாற்காலி போடுகிறார்கள்? பிறகு கைபேசி கைமாறியது.

"குட்டி." மாமா.

"மாமா, நீங்களாவது ஒழுங்கா பேசுங்க."

"சொல்லக்கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா அவ இருந்தா காலையிலயே சொல்லியிருப்பா." மூச்சு இழுத்தார். "அக்கா இல்லடா. நேத்து வேலைல இருக்கும்போதே விழுந்துட்டா. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு. விடியக்காலையில போயிட்டா. வீட்டுக்குக் கொண்டு வந்துட்டோம்."

நான் அழுதேனா என்று நினைவில்லை. சீனியர்தான் உள்ளே போய்ச் சொன்னாள். முத்திரை மேடம் எழுந்து நின்றார். விசைப்பலகையில் ஒரு தட்டு, ஒரு முத்திரை, சாவி. அந்த இரும்பு அலமாரி கிறீச்சென்றுகூடச் சொல்லாமல் திறந்தது. இரண்டு கையாலும் பாஸ்போர்ட்டைக் கொடுத்து, இந்த முறை ஆழமாக, நெடுநேரம் தலைவணங்கினார். காலையில் நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் நடந்திருக்கும் வேலை.

மத்தியான விமானம் போய்விட்டிருந்தது. மறுநாள்தான் அடுத்தது. எனக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார்கள். காத்திருந்தார்கள்தான். இறங்கி மாற வேண்டிய ஊரில் மழை, விமானம் தாமதம். அதற்குமேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். நான் வண்டியைவிட்டு இறங்கியபோது வாசல் ஈரமாக இருந்தது. வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா ஓடிவந்து என் பெட்டியை வாங்கினார். குளித்த தலை, துவட்டாமல்.

"உன் நல்லதுக்குத்தான் கண்ணு சொல்லல. அவ்ளோ தூரம், தனியா, அழுதுக்கிட்டே வருவியேன்னு."

"அழுதுக்கிட்டே வந்திருந்தா நேரத்துக்கு வந்திருப்பேன் பெரியப்பா."

பெட்டியின் சக்கரம் படியில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கக் குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று. அவரைத் திட்டுவதற்கு நான் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட அப்போது கைகொடுக்கவில்லை.

உள்ளே அம்மா சுவரோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா. அவ செல்லு அன்னிக்கு முழுக்க அடிச்சிட்டே இருந்துது. நீதான்னு தெரியும். எடுத்து என்னன்னு சொல்லுவேன்?" என்றாள்.

படிப்பு முடிய இன்னும் ஒரு பருவம் பாக்கி இருந்தது. அம்மாவே போ என்று சொல்லி அனுப்பிவைத்தாள். அறைக்குத் திரும்பியபோது அலமாரிப் புகாருக்குப் பதில் வந்திருந்தது: 'தங்கள் பிரச்சினை சரிசெய்யப்பட்டது. சேவையில் திருப்தியா?' கதவு திறந்துதான் இருந்தது. என் துணிகள் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.

ஆய்வகத்திலிருந்து ஒரு பெட்டியின் அட்டையைக் கிழித்து எடுத்துவந்து, நாலாக மடித்து அடியில் சொருகினேன். கதவை மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் நின்றது. பக்கத்து அறைக்காரி தன் கதவைச் சாத்தியதும் மெல்லத் திறந்துகொண்டது. அட்டையை எட்டாக மடித்துப் பார்த்தேன். இரண்டு அட்டை வைத்துப் பார்த்தேன். அக்கா சொன்ன யோசனை உதவாத யோசனை. அதைச் சொல்லி அவளை ஒரு மாதம் வம்புக்கு இழுத்திருக்கலாம்.

அறையைக் காலி செய்த அன்று, பெட்டியை வெளியே இழுத்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அலமாரி அப்போதும் மூடியிருக்கவில்லை.