மணி அடித்த பிறகு

மணி அடித்ததும் கீழே நின்ற கூட்டம் கை தட்டியது. தூங்குமூஞ்சி மரத்தின் பெருங்கிளையில், ஐம்பதடி உயரத்தில் தொங்கிய மணியைச் செங்குட்டுவன் கயிற்றில் ஏறி உள்ளங்கையால் அறைந்திருந்தான். “இருபத்தாறு செகண்டு!” என்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டானிஸ்லாஸ் கத்தினார். பக்கத்துக் கயிற்றின் அடியில், தன் முறைக்காக இடுப்பு வாரை இறுக்கிக்கொண்டிருந்த செங்கொடி அண்ணாந்து பார்த்தாள்.

அண்ணன் இறங்கவில்லை. கைகள் இரண்டும் தொங்கின.

“இன்னாணா, சீன் போட்டுகினு கீற? எறங்கு!”

கயிறு மெல்லச் சுற்றியது. அவனும் அதோடு சுற்றினான். முகம் அவள் பக்கம் திரும்பியபோது கண்கள் திறந்தே இருந்தன.

அண்ணனும் தங்கையும் வியாசர்பாடிக் குடியிருப்பிலிருந்து மரம் வெட்டும் வேலைக்குப் போகிறவர்கள். புயல் அடித்தால் வடசென்னையில் விழும் மரங்களில் பாதியை இவர்கள்தான் அறுத்து எடுப்பார்கள். ஒற்றைக் கயிற்றில் ஏறும் மிஷினை இரண்டு வருடத்துக்கு முன் பழக்கிவிட்டவர் ஸ்டானிஸ்லாஸ். இன்று ராயபுரம் மைதானத்தில் போட்டி வைத்தவரும் அவரே. உள்ளங்கையளவு மிஷின் அது. இடுப்பில் மாட்டிக்கொண்டால் கயிற்றில் மேலே நகரும், நின்ற இடத்தில் கவ்விக்கொள்ளும். அதன் கைப்பிடியை அழுத்தினால்தான் ஆளைக் கீழே விடும். காலைத் தூக்கி வைத்து ஏற, பாதத்திலும் முட்டியிலும் ஒவ்வொரு கிளிப்.

இப்போது அந்தப் பிடியை அழுத்த அங்கே யாரும் இல்லை.

“ஏணி, ஏணி!” என்று யாரோ ஓடினார்கள். எந்த ஏணியும் அவ்வளவு உயரம் எட்டாது. செங்கொடி தன் கயிற்றில் ஏற ஆரம்பித்துவிட்டாள்.

மயங்கியவரை இறக்கும் பயிற்சியை மணல் மூட்டை வைத்துப் பத்து முறையாவது செய்திருக்கிறார்கள். மணல் மூட்டைக்கு வியர்க்காது. அண்ணனின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. “ணா, தோ வந்துட்டேன்ணா, என்னப் பாரு” என்று பேசிக்கொண்டே அவன் வாரைத் தன் வாரோடு கோத்தாள். அவன் காலைத் தூக்கிப் பாத கிளிப்பைக் கழற்றினாள். முட்டி கிளிப்பையும், பிறகு தன்னுடைய கிளிப்புகளையும் கழற்றினாள். ஒரு கையால் தன் பிடியையும் மறு கையால் அவன் பிடியையும் அழுத்தினாள். இருவரும் ஒன்றாக இறங்கினார்கள். அவன் தலை வழியெல்லாம் அவள் தோளில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

“ஹார்ட் அட்டாக். மரத்துலயே முடிஞ்சிருக்கும்மா.”

“இல்ல சார். மணி அட்ச்சான்” என்றாள் செங்கொடி. “இப்பதான் சார் அட்ச்சான். எல்லாரும் பாத்தாங்க.”

டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. இடுப்பு வாரைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள்.

பிரேதப் பரிசோதனை முடிந்து மறுநாள் மதியம் உடல் வீட்டுக்கு வந்தது. வெள்ளைத் துணி போர்த்தி, தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றி வைத்தார்கள். அதற்குள் குடியிருப்பு முழுக்க ஒரே பேச்சு. கயிறு அறுந்துவிட்டது என்றார்கள். மிஷின் சிக்கிக்கொண்டது என்றார்கள். ஸ்டானிஸ்லாஸ் மாலையோடு வந்தபோது யாரும் வழி விடவில்லை.

“ஆளக் கொன்னுட்டு மால இன்னாத்துக்கு?” என்று ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். அவர் தடுக்கவில்லை. வாசல் வழியே உள்ளே இருந்த செங்கொடியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மாலை கைமாறி உள்ளே வந்தது. அவர் தெருவிலேயே நின்றுவிட்டார்.

அண்ணி மதி அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். செங்கொடி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அந்தப் பாழாப்போன மிஷினாலதான?” என்றாள் மதி.

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம்.

“மிஷின் மேல தப்பு இல்ல அண்ணி.”

“பின்ன?”

“ஏர்றதுக்கு மின்னாடி சொன்னான். எடது தோளு இஸ்துகினு கீதுன்னான்.” செங்கொடி தரையைப் பார்த்தே பேசினாள். “நான்தான், தோத்துடுவேன்னு பயந்துகினியா, வயசாய்ச்சில்லன்னு கலாய்ச்சேன். சிரிச்சிகினே ஏறிட்டான் அண்ணி.”

மதி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே பறை அடிக்கத் தொடங்கி, யாரோ அதட்டியதும் நின்றது. இன்னும் எடுக்க நேரமிருந்தது.

“காலைல எங்கிட்டயும் சொன்னாரு” என்றாள் மதி. “நான் தைலம் தேச்சி அனுப்னேன்.”

செங்கொடி எழுந்து வாசலுக்குப் போனாள். கூட்டத்தை விலக்கி ஸ்டானிஸ்லாஸின் கையோடு தன் கையைக் கோத்து உள்ளே கூட்டிவந்தாள். எல்லோரும் மதியைப் பார்த்தார்கள். மதி கால்களை மடக்கி, அவர் உட்கார இடம் விட்டாள்.

பக்கத்து வீட்டு இருதயம்மாள் டீ கொண்டுவந்து நீட்டினாள். செங்கொடியால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நேற்று மிஷின் பிடிகளை அழுத்தியதிலிருந்து விரல்கள் மடங்கியபடியே இருந்தன. மதி தம்ளரை வாங்கித் தரையில் வைத்தாள். நாத்தனாரின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட ஆரம்பித்தாள்.