அடியில் யார் பேர்

ராக்கம்மாள் யாரையும் லேசில் நம்பமாட்டாள். அதில் தப்பும் இல்லை. புருஷனின் கருமாதி முடிந்த கையோடு, "ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க அண்ணி" என்று தேனாகப் பேசிய கொழுந்தன், கோலா பிலாவில் அவளுக்குக் கிடைக்க வேண்டிய வீட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு போனவன். அன்றிலிருந்து யாராவது அன்பாகப் பேசினாலே போதும், அவள் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பாள். அந்தக் கண்ணுக்குத் தப்பித்திருந்த ஒரே ஆள் கூடப் பிறந்த தம்பி ராமசாமி.

காலையில் எஸ்டேட்டில் ரப்பர் பால்வெட்டு. மதியத்துக்கு மேல் லயத்து வீட்டுப் பின்கட்டில் மாங்காயும் எலுமிச்சையும். அவள் போடும் ஊறுகாயை ராமசாமி வேனில் ஏற்றிப்போய் அம்பாங்கானில் தன் கடையில் விற்பான். போத்தலில் 'ராக்கம்மா ஊறுகாய்' என்றுதான் ஒட்டியிருக்கும். புருஷன் போய், வீடும் போன பிறகு, அவளுடையது என்று உலகத்தில் மிஞ்சியது அந்தப் பேர் ஒன்றுதான்.

தொண்ணூற்று ஒன்பதில் ராமசாமிக்கு இன்டர்நெட் பைத்தியம் பிடித்தது.

"அக்கா, வெப்சைட் போடப் போறோம் லா. கே.எல்.லேருந்து, சிங்கப்பூர்லேருந்தெல்லாம் ஆர்டர் வரும். சிரம்பான் பக்கம் ராசாவுல சிவசுப்பிரமணியம்னு ஒரு பையன் செஞ்சு குடுக்கிறான். உன் போட்டோ ஒண்ணு வேணும். ஐ.சி.யும் குடு."

போட்டோ சரி. அடையாளக் கார்டு, ஐ.சி. எதுக்கு?

"எதுக்குடா ராமு?"

"எல்லாம் நல்லதுக்குத்தான். நீ ஒண்ணும் கவலப்படாத."

போயும் போயும் அவளிடம் போய்க் கவலைப்படாதே என்று சொன்னான் பாருங்கள்! இரண்டையும் மனசில்லாமல் கொடுத்துவிட்டாள்; அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் வெட்டுக்காட்டில் பக்கத்து நிரைக்காரி முத்தாயியிடம் சொன்னாள். முத்தாயிக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று.

"ஐ.சி. கேட்டானா? ஏண்டி, பட்டும் உனக்குப் புத்தி வரலையா? அந்த வெப்சைட்டுக்குக் காசு குடுக்கிறது அவன். அப்ப யாரு பேர்ல நிக்கும்? அவன் பொண்டாட்டி சும்மா இருப்பாளா? செய்யிறத உன்கிட்ட கொண்டாந்து காட்டச் சொல்லுடி."

அடுத்த வெள்ளிக்கிழமை ராமசாமி காட்டத்தான் செய்தான். அந்த வெப்சைட் பக்கத்தை இரண்டு தாளில் அச்செடுத்து, டேப்பால் ஒட்டி, அக்காள் மடியில் விரித்து வைத்துவிட்டுப் பெருமையாக நின்றான். ராக்கம்மாள் பார்த்தாள். உச்சியில், நட்டநடுவில், அவள் படம். படத்தைச் சுற்றிப் பூ வளையம். கீழே மாங்காய், எலுமிச்சை, விலை. அதற்கும் கீழே, அடியில், கட்டம் கட்டி ராமசாமியின் பேர், அம்பாங்கான் கடை விலாசம், கடை போன்.

அவள் கண் நேராக அந்தக் கட்டத்தில் போய் நின்றது. நம் ஆள்களுக்கு அச்சடித்த தாள் என்றால் கண் போகும் வழியே வேறு. கல்யாணப் பத்திரிகையில் உச்சியில் இருப்பது சாமியும் செத்துப்போன தாத்தா பாட்டியும். கூப்பிடுகிற வீட்டுக்காரன் பேர் அடியில்தான் இருக்கும். யார் வீட்டு விசேஷம் என்று தெரிய எல்லாரும் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள். தமிழ்ப் பேப்பரில் வருகிற நினைவஞ்சலியும் அப்படியே: மேலே பூ வைத்த படம், அடியில் குடும்பத்தார் பேர். அவளை உயிரோடு மேலே அனுப்பிவிட்டு, அடியில் அவன் வீட்டுக்காரனாக நிற்கிறான்!

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லாருக்குடா" என்றாள். கேட்டிருக்கலாம். வாயைத் திறந்து, 'ஏண்டா உன் பேரு அங்க?' என்று கேட்டிருக்கலாம். கேட்டால் கொழுந்தனைப் போல இவனும் தேனாக ஒரு பதில் சொல்லிவிடுவான், அதில் மறுபடியும் மயங்கிவிடுவோம் என்று அவளுக்குப் பயம்.

திங்கட்கிழமை வேலைக்கு மட்டம் போட்டாள். கோலா பிலாவில் பஸ் ஏறி, புக்கிட் புத்துஸ் மலைப்பாதை வளைவுகளில் குடல் வாய்க்கு வந்து, சிரம்பானில் இறங்கி வேறு பஸ் பிடித்து, ராசாவில் சிவசுப்பிரமணியத்தின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தாள். பையன் யாழ்ப்பாணத்து வம்சம். தாத்தா ஏதோ தோட்டத்தில் கூலிக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவராம். கிராணி வீட்டுப் பிள்ளை என்றதுமே ராக்கம்மாளுக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. ஆனாலும் அவன் மரியாதையாக நாற்காலி போட்டு, கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினான்.

"அடியில இருக்கிறத மாத்தணும் தம்பி. என் பேரு வரணும். எஸ்டேட் விலாசம், என் வீட்டு போன். அவன் பேரு வேணாம்."

சிவசுப்பிரமணியம் தலையைச் சொறிந்தான். "அதுக்கு ஃபுட்டர் எண்டு பேர் அக்கா. எல்லாரும் அதைக் கடைசியா அவசரத்தில போடுவினம். ஆனா மேல பார்த்து ஆசைப்படுற சனம், கீழ பார்த்துத்தான் நம்பும். ஒருத்தர் அடி வரைக்கும் இறங்கி வாறார் எண்டால், அவருக்கு வாங்கிற எண்ணம் இருக்குது. இல்லாட்டில் ஏதோ குறை, முறைப்பாடு சொல்ல இருக்குது. அங்க உடன பதில் சொல்லக்கூடிய ஆளின்ர போன் இருக்கவேணும், கடை திறக்கிற நேரம் இருக்கவேணும். நீங்கள் காலமை வேலைக்குப் போயிடுவியள். ஆர் எடுக்கிறது?"

"நான் எடுப்பேன்."

"ராமசாமி அண்ணைக்குத் தெரியுமோ?"

"தெரியும்" என்றாள் ராக்கம்மாள், கண்ணைக்கூட இமைக்காமல். பையன் இன்னொரு தடவை அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மாற்றிக் கொடுத்தான். தன் பேர் அடியில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. திரும்பி வரும்போது அந்த வளைவுகளில் வயிறு புரளக்கூட இல்லை. என்ன கெட்டிக்காரத்தனம்! யார் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறான் என்று மனசுக்குள் தம்பியை வறுத்தெடுத்துக்கொண்டே வந்தாள்.

போன் அடிக்க ஆரம்பித்தது. அடித்ததெல்லாம் இங்கிலீஷ். பசாரில் பேசுகிற மலாய் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. இங்கிலீஷ்தான் வராது. "யெஸ், யெஸ், அச்சார், சிடாப்" என்று ஊறுகாய் ருசிதான் என மலாயில் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். ஒருநாள் ஒரு பெண்பிள்ளை எடுத்த எடுப்பிலேயே கத்தினாள். போத்தல், எண்ணெய், கார் என்று மூன்று வார்த்தை புரிந்தது. மீதி புரியாவிட்டால் என்ன, திட்டு எந்தப் பாஷையில் இருந்தாலும் திட்டுத்தானே. ராக்கம்மாள் போனை வைத்துவிட்டு அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். அதற்கப்புறம் அடித்தால் எடுப்பதில்லை.

வெள்ளிக்கிழமை வேன் வந்தது. ராமசாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சேரில் உட்காராமல் நின்றான்.

"கடை போன் அடிக்கவே இல்லையேன்னு சிவாகிட்ட கேட்டேன். அண்ணைக்குத் தெரியும்னு அக்கா சொன்னாங்களேன்னான்."

ராக்கம்மாள் மாங்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஆமா. நாந்தான் மாத்தச் சொன்னேன். பாடுபடுறவ நானு. அடியில நீ நிப்பியா? என்னையப் பூ வச்சு மேல ஏத்திட்டா நான் செத்தா போயிட்டேன்?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவன் முகம் விழுந்துபோனது.

"அடப்பாவமே. பூவு அழகா இருக்கும்னு சிவா போட்டது லா. கம்பெனிய உன் பேர்லதான்கா பதிஞ்சிருக்கேன். ஐ.சி. பின்ன எதுக்கு? என் பேருல ஒரு மண்ணும் இல்ல. மூடி ஒழுகுது, பூசணம் பிடிச்சிருச்சுன்னு கத்துறவனுங்க அடியில இருக்கிற நம்பருக்குத்தான் அடிப்பானுங்க. உனக்கு எதுக்கு அந்தத் தலவலி, என்னையத் திட்டிட்டுப் போவட்டும்னுதான் என் பேரப் போட்டேன்."

மாங்காய் நறுக்கிய கத்தி நின்றது. அந்தப் பெண்பிள்ளையின் கத்தல் இன்னமும் ராக்கம்மாளின் காதுக்குள் இருந்தது. இத்தனை நாளும் கடையில் அந்த மாதிரிக் கத்தல்களை இவன் ஒருத்தனே வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறான்.

"முத்தாயிகிட்ட கேட்ட. ராசா வரைக்கும் போயி அந்தப் பையன்கிட்ட பேசுன. என்கிட்ட கேக்கலையேக்கா."

"ராமு, தப்புத்தான்டா. பழையபடி உன் பேரையே போடச் சொல்லு."

"வேணாக்கா. போன் நம்பர மட்டும் கடைக்கு மாத்தச் சொல்லிட்டேன். பேரு உன்னதே இருக்கட்டும்."

கோபித்துக் கத்தியிருந்தால் அவளும் நாலு வார்த்தை கத்திவிட்டு அழுது தீர்த்திருப்பாள். அவன் குரலை உயர்த்தவே இல்லை. வாசலுக்குப் போய், அடுக்கியிருந்த போத்தல்களுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்தான். வைக்கும்போது சத்தமாக, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் அவளுடைய போத்தலை ஒருநாளும் எண்ணியதில்லை. அள்ளிக்கொண்டு போவான், அவ்வளவுதான்.

"என்னடா பண்ற? எதுக்குடா எண்ணுற?"

"நீயும் வந்து கூட எண்ணுக்கா. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாரு."

ராக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவன் கையில் ஒரு போத்தலோடு காத்திருந்தான். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "நாலு" என்றாள்.