எழுதியபடியே

“இந்தத் தடவை நான் எழுதுனத எழுதுன மாதிரியே வாசிங்க ஐயா. ஒரு வார்த்தையைக்கூட வெட்டாதீங்க.”

ஜெபக்கூடத்தில் இருந்த நாற்பது பேரும், எழுந்து நின்ற அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்டவரிடம் எதை வேண்டுமானாலும் கேள், மூப்பரிடம் மட்டும் எதையும் கேட்டு வைக்காதே என்று சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்திருந்தாள் அம்மா. இப்போது பக்கத்திலிருந்து கையைப் பிடித்து இழுத்தாள். மகள் உட்காரவில்லை.

சபைப் பெரியவரான மூப்பர், தொழிலில் தையற்காரர். அளவெடுக்கும் டேப் கழுத்தில் தொங்க, கடையிலிருந்து அப்படியே வந்துவிடுவார். புதன்கிழமை மதிய ஜெபத்தில், வாசல் பெட்டியில் விழும் விண்ணப்பச் சீட்டுகளை வாசிப்பது அவர் பொறுப்பு. யார் வீட்டு விஷயமும் சந்தி சிரிக்கக் கூடாதென்று பெயரை எடுத்துவிடுவார். அதோடு நின்றால் பரவாயில்லை. நீளமானதை வெட்டியே பழகிய கை, சீட்டைக் கண்டாலும் சும்மா இருக்காது.

போன புதன் அவள் எழுதியது இது: ‘எங்கள் ஆலையில் பாய்லர் வெடித்த விசாரணையில் உண்மையைச் சொல்லப்போகிறேன். வேலை போகும். ஜெயிலுக்கும் போக நேரலாம். நான் பின்வாங்காதபடி ஜெபியுங்கள்.’

மூப்பர் வாசித்தது இது: “ஒரு சகோதரிக்கு வேலை செய்யிற இடத்துல நெருக்கடி. கர்த்தர் அத விலக்கிவிடும்படி.”

நாற்பது பேரும் அரை மணி நேரம் உருகி உருகி ஜெபித்தார்கள். மறுநாளே நெருக்கடி விலகிவிட்டது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார். பாய்லர்காரர் தன் கவனக்குறைவால் செத்தார் என்று அதில் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டால் போதும். செத்தவரா எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போகிறார்?

ஜெபம் கேட்கப்பட்டது என்று பூரித்துப்போன அம்மா, அன்று மாலையே நன்றி சொல்லி ஒரு ஸ்தோத்திரச் சீட்டை எழுதிப் பெட்டியில் போட்டாள். இப்போது மூப்பர் கையில் முதலாவதாக இருப்பது அதுதான். அதற்கு அடியில் மகளின் சீட்டு.

“கேட்டது கெடச்சிருக்கு. அதப் போயி வேணாங்கிறியேடி,” என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

“அது நான் கேட்டதில்லம்மா. ஐயா கேட்டது.”

பின்வரிசையில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள்.

மூப்பருக்கு முகம் சுண்டிவிட்டது. “உன்னக் காப்பாத்தணும்னுதானே பிள்ள சுருக்குனேன்.”

“அந்த ஜெபம் என்னக் காப்பாத்தல ஐயா. எங்க மேனேஜரத்தான் காப்பாத்தியிருக்கு. அவரு நம்ம சபைகூடக் கெடையாது.”

“கஷ்டம் விலகணும்னு கேக்குறது ஒரு தப்பா?”

“தப்பில்ல. சிலுவைக்கு மொத நாள் தோட்டத்துல ஆண்டவரும் அதத்தான் மொதல்ல கேட்டாரு. நானும் கேட்டேன், எனக்கென்ன பயமில்லையா? ஆனா அவரு அதோட எந்திரிச்சுப் போயிடலயே, உம்முடைய சித்தப்படியே ஆகட்டும்னும் சொன்னாரே. நாமதான் பாதியிலயே ஆமென் போட்டுட்டோம்.”

மூப்பர் மேலே இருந்த சீட்டை அடியில் தள்ளிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிறவர் போல வாசித்தார்.

“‘பாய்லர்ல சேஃப்டி வால்வு திறக்காம ஒட்டிக்கிட்டிருந்தது. ரெண்டு தடவை ரெஜிஸ்டர்ல எழுதுனேன். மூணாவது தடவை மேனேஜர் பக்கத்துல நின்னு, ஆர்டர் நிக்குது, சரின்னு போடுன்னாரு. சரின்னு பொய்யாக் கையெழுத்துப் போட்டது நான். இன்னைக்கு ரெண்டு மணிக்கு அதச் சொல்லப்போறேன். விலக்கும்படி கேக்காதீங்க. நான் நிக்கும்படி கேளுங்க.’”

அவளுக்கு வேறொரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால் பாய்லர்காரர் அவளை ‘டிகிரி’ என்றுதான் கூப்பிடுவார். அவள் பொய்யாகக் கையெழுத்துப் போட்ட அன்று காலை ரெஜிஸ்டரை எட்டிப் பார்த்துவிட்டு, “டிகிரியே சரின்னு போட்டுருச்சு, அப்புறம் எனக்கென்ன பயம்,” என்று சிரித்துக்கொண்டே போனார். மத்தியானம் வெடித்தது. அந்தச் சிரிப்பின் மேல் இன்னொரு கையெழுத்துப் போட அவளால் முடியாது. யார் முழங்காலிட்டு நன்றி சொன்னாலும் முடியாது.

“நீயா போட்ட?” அம்மாவின் குரல் எழும்பவே இல்லை. அவளுக்கு இது தெரியாது. மகளின் மேல் வீண்பழி வருகிறது என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தாள்.

“நான்தாம்மா.”

அம்மா குனிந்து, மகளின் காலடியில் இருந்த பையைப் பார்த்தாள். ஆபீஸ் காகிதம் என்று அவள் நினைத்திருந்த பை. ஜிப்பைத் திறந்தாள். ரெண்டு மாற்று உடை, துண்டு, பல் தேய்க்கும் பிரஷ், ஓரம் கிழிந்த சின்ன வேதாகமம். விசாரணை முடிந்து அப்படியே போலீஸில் ஒப்படைத்தாலும் ஒப்படைக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். துண்டை எடுத்து, இன்னும் சின்னதாக மடித்து வைத்து, ஜிப்பை மூடினாள். பிறகு எழுந்து மூப்பரிடம் போனாள். அவர் கையில் அடியில் கிடந்த தன்னுடைய ஸ்தோத்திரச் சீட்டை உருவிக்கொண்டு திரும்பி வந்தாள். அதை நாலாக மடித்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

மூப்பர் கண்ணை மூடினார். “கர்த்தாவே, இந்த நெருக்கடிய எங்க சகோதரிய விட்டு...” வாய் பழைய வழியிலேயே போனது. சட்டென்று நின்றார். டேப்பின் நுனி அவர் விரல்களில் சுருண்டு சுருண்டு அவிழ்ந்தது. அடுத்த வார்த்தை அவருக்குக் கிடைப்பதற்குள் அவள் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். மணி ஒன்றே கால்.

எல்லோர் கண்ணும் மூடியிருந்தது, அம்மாவின் கண்ணைத் தவிர.

“சோப்பு வைக்கலையே,” என்றாள் அம்மா.

“வழியில வாங்கிக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு, அவள் வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கி நடந்தாள்.