கம்சலாவின் படங்கு

தெமோதரைத் தோட்டத்துப் பெண்கள் புவனேந்திரனை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் முரட்டுத்துணிப் படங்கு, தேயிலைச் செடி கீறிக் கிழிந்ததும் வாசலில் கால்மிதியாகிவிடும். இவனோ பதுளை டவுனில் புதுப் படங்கு வாங்கிக் கொடுத்து அந்தக் கந்தலை வாங்கிப்போவான். மரச்சட்டத்தில் ஆணியால் அறைந்து, கீறல்களின் மேல் கறுப்பும் காவியுமாக வண்ணம் இழுப்பான். அதில் ஆளும் இருக்காது, மரமும் இருக்காது. ஆனாலும் கொழும்பில் அவனுக்குப் பெயர் இருந்தது. வெளிநாட்டுச் சுவர்களிலும் இரண்டு தொங்கின.

அவன் மனைவி கம்சலா மட்டும் தன்னுடையதைக் கொடுக்கவில்லை.

"என் இடுப்புல கெடந்தத கொழும்புல எல்லாரும் பாக்கவா? போங்க அங்கிட்டு!"

பங்குனியில் வந்த காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அதன்பின் அவன் தூரிகையைத் தொடவில்லை.

கண்காட்சி நடத்தும் சுதர்ஷினி நேற்றும் கொழும்பிலிருந்து போன் எடுத்தாள். "நடுச் சுவர் காலியா இருக்கு. உங்க மனைவியோட படங்கு இருக்குன்னீங்களே, அதைச் செஞ்சு தாங்க."

சரி என்றான். மறுக்கவும் தெம்பு வேண்டும்.

இன்று காலை அதைக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்துச் சட்டத்தில் அறைந்தான். சட்டத்தின் பின்பக்கம் அவள் பெயரை எழுதினான். கறுப்பைக் குழைத்தான். கை எழவில்லை. இடுப்பு மடிப்பு இருந்த இடம் எவ்வளவு இழுத்து அறைந்தும் வளைந்தே நின்றது.

வெளியே படம் ஏற்ற வந்த வேன் ஹார்ன் அடித்தது. அந்த நேரம் பார்த்து, மலையிலிருந்து நேராக, நனைந்தபடி பக்கத்து வீட்டுப் பூவம்மா உள்ளே வந்தாள்.

"தம்பி, புதுப் படங்கு தாறேன்னீங்களே. இது முழங்கால் வரைக்கும் கிழிஞ்சு போச்சு." சட்டத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "இது கம்சலாவோடதுல்ல? தரவே மாட்டேன்னாளே, பாவி மக."

அவன் குறடு எடுத்து ஆணிகளைப் பிடுங்கினான்.

"ஒங்களோடத அவுத்துத் தாங்க, அக்கா."

ஈரம் சொட்டச் சொட்ட அதை அறைந்தான்.

"ஒண்ணும் வரையலியே?"

"இல்ல."

"அப்பிடியேவா அனுப்புறீங்க? சொல்லியிருந்தா தொவச்சாவது தந்திருப்பேனே!"

பின்பக்கம் இருந்த பெயரைச் சுரண்டிவிட்டு, பூவம்மா என்று எழுதினான். அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

வேன் போனது. நான்கு மூலையிலும் ஓட்டை விழுந்த படங்கைக் கதவுக்குப் பின்னால் பழைய இடத்திலேயே மாட்டினான். குழைத்த கறுப்பு தட்டில் காய்ந்துகொண்டிருந்தது. அவன் மூடி வைக்கவில்லை.