முதல் துணி விரிப்பவள்

அந்தப் பட்டறையில் ஓர் அச்சு நன்றாக வந்துவிட்டால் மச்சினியின் கைராசி என்பார்கள். முதலாளியே அப்படிச் சொல்லித்தான் வருகிறவர்களுக்கு அவளைக் காட்டுவார். அவருடைய மனைவியின் தங்கை அவள்.

படகு இருக்கைகள் வார்ப்பதற்கான அச்சுகளை அங்கே செய்தார்கள். இருக்கையின் வடிவத்தில் கட்டையில் செதுக்கி வழவழவென்று தேய்த்த ‘மாதிரி’ ஒன்றின் மேல், ரெசின் பசை ஊறிய கார்பன் துணியை அடுக்கடுக்காக விரிக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, காற்றை உறிஞ்சி, ஓவனில் வைத்தால் துணி இறுகி அச்சாகும். அடுக்குகளில் முதல் துணிதான் உயிர். கடைசியில் அச்சின் முகமாக நிற்பது அதுதான். அதை விரிப்பது எப்போதும் மச்சினி. மூச்சைப் பிடித்துக்கொண்டு துணியை இறக்குவாள். கட்டைவிரலால் மூலைக்குள் அழுத்தி ஓட்டுவாள். வைத்ததை மறுபடி தூக்கமாட்டாள்.

புதிதாகச் செய்த மாதிரியிலிருந்து அச்சைக் கழற்றியபோது அதன் முகமெங்கும் ஊசித்துளைகள். ஓவன்காரர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“முதலாளி, இத வச்சு மாவு சலிக்கலாம்.”

யாரும் சிரிக்கவில்லை. வாங்க வேண்டியவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் போயிருந்தார்.

கோளாறு வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பது முதலாளி எல்லோருக்கும் சொல்லும் பாடம். அவரும் அப்படித்தான் தொடங்கினார். பசை இறுகிவிடாமலிருக்க ஃப்ரீசரில் வைத்திருந்த துணியை எடுத்து, அதைக் குளிர் முழுக்க விடும்வரை உறை பிரிக்காமல் வைத்தார். அவசரப்பட்டுப் பிரித்தால் ஈரம் கோத்துக்கொள்ளும், ஓவனில் அதுவே துளையாகும். துளைகள் போகவில்லை. உறையின் ஓரங்களைப் புதிதாக ஒட்டினார். அச்சு ஒட்டாமல் கழல்வதற்காக மாதிரியில் தடவும் மெழுகை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் அதே ஊசித்துளைகள். மீதியிருந்தது கை மட்டும்தான் என்று அவருக்குத் தோன்றியது. கைராசி என்று அத்தனை நாள் சொல்லிப் பழகிய வாய்க்கு அந்தப் பக்கம் திரும்புவது கஷ்டமாக இல்லை.

கையில் வியர்வையா, ஏதாவது கிரீம் தடவுகிறாயா என்று நயமாகத்தான் கேட்டார். அவள் இல்லையென்றாள். ஆனாலும் அன்றிலிருந்து சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள். ஒன்றின் மேல் ஒன்றாகக் கையுறை போட்டாள். தோல் வெடித்தது. அப்போதும் துளைகள் விழுந்தன.

அந்தச் சமயத்தில்தான் பழைய வாடிக்கையாளர் ஒருவர் இன்னோர் அச்சு கேட்டார். மூலையில் கிடந்த பழைய மாதிரியைத் துடைத்தெடுத்து, முதல் துணியை முதலாளி தானே விரித்தார். அச்சு கண்ணாடிபோல வந்தது. கையோடு சேர்த்து மாதிரியையும் மாற்றியிருக்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவேயில்லை.

“பார்த்தியாம்மா? நான் உன்னைக் குத்தம் சொல்லல. கொஞ்ச நாள் துணி வெட்டுற பக்கம் இரு.”

அவள் தலையாட்டினாள். சண்டை போட்டிருந்தால்கூட அவர் யோசித்திருப்பார். வெட்டும் மேசையிலும் அவள் வெகுநாள் நிற்கவில்லை. அட்டைப்பெட்டி ஒட்டும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். அக்கா மகள் தலை பின்னிவிடச் சொல்லி வந்து உட்கார்ந்தால், அம்மாவிடம் போ என்று அனுப்பிவிடுவாள். இதை மனைவி வந்து சொன்னபோது, சின்ன விஷயத்தையெல்லாம் பெரிதாக்காதே என்றார் முதலாளி.

“வீட்டுல எது தொலைஞ்சாலும் மொதல்ல என்னைப் பார்ப்பீங்க. அங்க பழி போட அவ கிடைச்சிருக்கா,” என்று சொல்லிவிட்டு மனைவி பாத்திரம் தேய்க்கப் போனாள்.

புது மாதிரி மறுபடி மேசைக்கு வந்தது. இப்போது முதல் துணி முதலாளியின் கையால். கழற்றினால், அதே துளைகள்.

அவர் ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் அதே துணியை விரித்து ஓவனில் வைத்தார். ஒரு துளை இல்லாமல் வந்தது. துணியிலும் குறையில்லை, கையிலும் குறையில்லை. மாதிரியை மட்டும் உறையில் போட்டுக் காற்றை உறிஞ்சி, குழாயை மூடிவிட்டு, உறிஞ்சலின் அளவைக் காட்டும் மீட்டரைப் பார்த்தார். முள் மெல்லமெல்ல இறங்கியது. புதுக் கட்டையின் நுண்துளைகளுக்குள் இருந்த காற்று வெளியே கசிந்துகொண்டிருந்தது. மேலே பூசிய அடைப்புப் பூச்சு போதவில்லை. பூசியவர் அவர்.

அன்று மாலையே மச்சினி வீட்டுக்குப் போனார். எல்லாவற்றையும் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப உங்க கைக்கு மட்டும் எப்படி மாமா நல்லா வந்துச்சு?”

“அது பழைய மாதிரிம்மா. நான்தான் கவனிக்கல.”

“அத அன்னைக்கே பார்த்திருக்கலாமே.”

கோபமே இல்லை. வேறு யாருக்கோ நடந்ததைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. அக்கா சொன்னதற்காகத் திரும்பி வரச் சம்மதித்தாள்.

மாதிரிக்கு அடைப்புப் பூச்சைப் போதும் போதும் என்கிற அளவுக்குப் பூசி, தேய்த்து, மீட்டர் முள் அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகே முதலாளி அவளைக் கூப்பிட்டார். அவள் துணியை இறக்கினாள். இறக்கியதைத் தூக்கினாள். மறுபடி வைத்தாள். கட்டைவிரல் மூலைவரை போய், அழுத்தாமல், சுடுகிற பாத்திரத்தைத் தொட்டதுபோலத் திரும்பி வந்தது. நல்லா அழுத்தும்மா என்று சொல்ல வாயெடுத்தார். அந்தக் கையைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேச அவருக்கு வாய் வரவில்லை.

அச்சைக் கழற்றியபோது ஊசித்துளை ஒன்றுகூட இல்லை. ஆனால் மூலைகளில் துணி உள்ளே படியாமல் பாலம்போல நின்றிருந்தது. அடியில் வெற்றிடம். ஓவன்காரர் விரலால் தட்டினார், பொள்ளென்று கேட்டது.

அவள்தான் சொன்னாள்.

“இது என் கைதான் மாமா. மாதிரி மேல பழி போடாதீங்க.”

அவர் மாதிரியை வெளிச்சத்துக்கு இழுத்து, மூலை மூலையாக விரலை ஓட்டினார். எங்காவது ஒரு சின்னக் குறை தட்டுப்படாதா என்று தேடினார். எல்லா இடமும் வழவழவென்று இருந்தது.