இரவல் நாக்கு

அவளுக்கு மைனா என்று அலுவலகத்தில் பெயர் வைத்தவர்கள் அழகு பார்த்து வைக்கவில்லை. யார் எப்படிப் பேசினாலும் அடுத்த மூச்சில் அப்படியே திருப்பிப் பேசுவாள், அதனால் வைத்தார்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுதானால் மக்கள் போன் போட்டுத் திட்டுகிற அலுவலகம் அது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலை முதல் மாலை வரை திட்டு வாங்குவதுதான் உத்தியோகம். வாடிக்கையாளர் எந்தப் பக்கத்துப் பேச்சோ அதே பேச்சில் பதில் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். 'நம்ம பக்கத்துப் பொண்ணு' என்று நினைத்துவிட்டால் பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும் என்று டீம் லீடர் சொல்வார். அவர் சொன்னது தப்பவில்லை. மலைப்பக்கமா, தலைநகரமா, எதுவாக இருந்தாலும் மைனா வெளுத்துக் கட்டினாள்.

மதியச் சாப்பாட்டு மேஜையில் ஓயாத சண்டையும் இதைப் பற்றித்தான். எந்தப் பக்கத்துப் பேச்சு காதுக்கு இனிமை? அடுத்த சீட்டுக் கண்ணாடிக்காரி, வெளிநாட்டுக்காரர்கள் நம் மொழியைப் பேசக் கேட்டால் போதும், உருகிவிடுவாள். "நம்ம கம்பெனி வெளிநாட்டு இன்ஜினியர் பேசிக் கேட்டிருக்கியா? ஒவ்வொரு வார்த்தையையும் பீங்கான் சாமான் மாதிரி பத்திரமா எடுத்து வைக்கிறாரு. நாம அள்ளிக் கொட்டுறோம்" என்பாள். டீம் லீடருக்கு மலைப்பக்கம். "சின்ன வயசுல யாரு வயிறாரச் சோறு போட்டாங்களோ அவங்க பேச்சுதான் கடைசிவரைக்கும் பிடிக்கும். எனக்குப் போட்டது மலைப்பக்கத்து அத்தை" என்று நியாயம் சொல்வார். ஆலைப் பக்கத்துப் பேச்சுக்கு மட்டும் அந்த மேஜையில் ஒருநாளும் ஒரு ஓட்டு விழுந்ததில்லை. இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய ஜனங்கள். பாதி வார்த்தையை விழுங்கி மீதியை எறிவார்கள்.

மைனாவின் ஓட்டு கடலோரத்துக்கு. அந்தப் பக்கத்து ஆட்கள் வாக்கியத்தின் கடைசியை வெட்டமாட்டார்கள். நீட்டி, மெல்லத் தணித்து விடுவார்கள். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து 'நீயும் வா' என்கிற மாதிரி இருக்கும். அவளுடைய சொந்தப் பேச்சு அதற்கு நேர் எதிர். மார்க்கெட்டுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவள். அங்கே எல்லோரும் கடுகு வெடிக்கிற மாதிரிதான் பேசுவார்கள். 'சாப்பிட்டியா' என்று கேட்டால்கூட வம்புக்கு இழுக்கிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் கடலோரத்துப் பெரியவர் ஒருவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிய கையோடு அடுத்த போனை எடுத்தாள். நாக்கு இன்னும் கடலோரத்தை விட்டு வரவில்லை. "வணக்கம், சொல்லுங்க" என்று நீட்டினாள். எதிர்முனையில் வேறொரு ஊர்க் கடையில் ஃபிரிட்ஜ் விற்கிற சேல்ஸ்மேன். வந்து இறங்கிய ஃபிரிட்ஜில் ஒடுக்கு விழுந்திருக்கிறதாம். அதைச் சொன்ன குரல் இருக்கிறதே, அசல் கடலோரம்! அடடா, நாக்கை மாற்றுகிற வேலைகூட மிச்சம் என்று மைனா அதே பேச்சில் தொடர்ந்தாள். ஃபிரிட்ஜை மாற்றிக் கொடுத்த பிறகும் அவன் போன் வந்தது. முதலில் ஃபிரிட்ஜைச் சாக்கு வைத்து வந்தது, பிறகு சாக்கே இல்லாமல் அவளுடைய சொந்த நம்பருக்கு வந்தது.

மாதங்கள் ஓடின. "உங்க பேச்சக் கேட்டாத்தான் எனக்கு அன்னைக்குப் பொழுது முடியுது" என்று அவன் சொன்னான். இவள் மட்டும் என்ன, சளைத்தவளா? வேலை முடிந்து வந்ததும் மொட்டை மாடிக்குப் போய் நின்று, அம்மா காதில் விழாமல் நீட்டி நீட்டிப் பேசினாள். காதல்தான், வேறென்ன! போட்டோ அனுப்பிக்கொண்டார்கள். பையன் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தான். கடைசியில், "ஞாயித்துக்கிழமை அக்காவக் கூட்டிட்டு உங்க வீட்டுக்கு வரட்டுமா? கல்யாண விஷயமாத்தான்" என்று கேட்டான். வாங்க என்று சொல்லி போனை வைத்த பிறகுதான் மைனாவுக்கு உறைத்தது. அவன் ஆசைப்பட்ட பேச்சு அவளுடையதே இல்லையே!

"ஒரு மணி நேரம்தானே? கடலோரமாவே பேசி ஓட்டிடு" என்றாள் கண்ணாடிக்காரி.

"எங்கம்மா பக்கத்துல உக்காந்திருப்பாங்கடி. 'உன் வாய்க்கு என்னடி ஆச்சு'ன்னு அங்கேயே கேப்பாங்க. அப்படியே ஓட்டினாலும் கல்யாணத்துக்கப்புறம்? தூக்கத்துல உளறுனாக்கூட கடலோரமா உளறணுமா?"

"உண்மையச் சொன்னா விட்டுட்டுப் போயிட்டாருன்னா?"

அவன் போய்விட்டால் தாங்கமாட்டாள், அது மைனாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவள் தலையை நிமிர்த்திக்கொண்டாள். "போகட்டும். ஊருக்கெல்லாம் அவங்கவங்க பேச்சுல பேசுறேன். கட்டிக்கப் போறவர்கிட்ட என் பேச்சுல பேசுறேன். பிடிச்சா இருக்கட்டும், பிடிக்கலேன்னா வந்த வழியப் பாத்துப் போகட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அழைப்பு மணி அடித்தது. மைனாவே போய்க் கதவைத் திறந்தாள். "வாங்க, உள்ள வாங்க! செருப்ப அந்த ஓரமா விடுங்க, நாய் தூக்கிட்டுப் போயிடும்!" என்று மார்க்கெட் பேச்சில் படபடவென்று வெடித்தாள்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. திருதிருவென்று விழித்துக்கொண்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். வாயையே திறக்கவில்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று மைனாவின் மனசு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

அப்போது அவன் அக்கா பேசினாள். "பஸ்ல ஒரே கூட்டம்மா! நின்னுக்கிட்டே வந்தோம்!" என்று மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும்படி, பாதி வார்த்தையை விழுங்கி மீதியை எறிந்தாள். ஆலைப் பக்கம்! சந்தேகமே இல்லை. அக்கா ஆலைப் பக்கம் என்றால் தம்பி எப்படிக் கடலோரம்?

"தம்பி ஏன் வாயே திறக்க மாட்டேங்கிறீங்க?" என்றாள் மைனாவின் அம்மா.

அவன் அசடு வழிந்தான். பிறகு துணிந்து வாயைத் திறந்தான். சத்தமான, மொட்டையான, கலப்படமில்லாத ஆலைப் பேச்சு. "நான் கடலயே பாத்ததில்லங்க" என்றான்.

"நானும்தான் பாத்ததில்ல!" என்றாள் மைனா.

விஷயம் இவ்வளவுதான். கடைக்கு வருகிற ஆள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துப் பேச்சில் பேசித்தான் அவனும் ஃபிரிட்ஜ் விற்கிறான். அன்றைக்கு இவள் கடலோரமாக நீட்டியதும் தொழில் பழக்கத்தில் அவனும் நீட்டிவிட்டான். இவள் அவனுக்காக நீட்ட, அவன் இவளுக்காக நீட்ட, யாருக்கும் சொந்தமில்லாத பேச்சில் இத்தனை மாதமாக உருகியிருக்கிறார்கள்.

"இத்தன மாசமா என்னைய ஏமாத்தியிருக்கீங்க!" என்று மைனா எகிறினாள்.

"யாரு? ஆரம்பிச்சது நீங்க!"

"நான் வேலை பாத்துட்டிருந்தேன்!"

"நான் மட்டும் என்ன, பந்து வெளையாடிட்டா இருந்தேன்? தும்முறதக்கூட உங்களுக்காக நீட்டித் தும்முனேன்!"

"அந்த ஒடுக்காவது நெசமா, இல்ல அதுவும் புளுகா?"

"ஒடுக்கு நெசம்!" என்று அவன் கத்திய கத்தலில் அக்காவே திரும்பிப் பார்த்தாள்.

மைனாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அதோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. கடலோரப் பேச்சில் பேசிய வரைக்கும் இரண்டு பேரும் அடுத்தவர் முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருப்பார்கள். ஒரு சண்டை உண்டா, ஒரு ரோஷம் உண்டா? இந்த மனுஷனோ அவள் முடிப்பதற்குள் உள்ளே புகுந்து மல்லுக்கு நிற்கிறான். அந்த முரட்டுக் குரலில் ஒளிவுமறைவே இல்லை. இவனை இப்போதுதான் முதல்முதலாகக் கேட்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"இதுதான் என் பேச்சு. பிடிச்சிருக்கா இல்லையா? சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றாள்.

அவன் யோசித்தான். "கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. ஆனா நிறுத்திடாதீங்க. இன்னும் பேசுங்க" என்றான்.

அவள் பேசினாள். விட்டேனா பார் என்று அவனும் பேசினான். ஃபிரிட்ஜில் தொடங்கி, அவள் பிறந்தநாளை அவன் மறந்தது, அவன் போனை அவள் எடுக்காத அந்த ஒரு வாரம் என்று இத்தனை நாள் நாகரிகமாக விழுங்கிய எல்லாம் வெளியே வந்தன. பேசப் பேச அவன் நாற்காலி நுனியிலிருந்து நகர்ந்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். "டேய், கடைசி பஸ் போயிடும்டா!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"இருங்கக்கா, இன்னும் முடியல!" என்று மைனா வெடிக்க, "இரு அக்கா, இன்னும் முடியல!" என்று அவன் எறிந்தான்.

அம்மா எழுந்தாள். இன்னும் இரண்டு பேருக்குச் சேர்த்து உலை வைக்க உள்ளே போனாள்.