எங்கிருந்தோ வரும் சத்து

"இதையும் கொட்டீரலாமில்ல?"

"அதைத் தொடாதீங்க நங்கையா."

"சாவு உழுந்த ஊட்டுல சொட்டுத் தண்ணி வெக்கப்படாது சௌந்திரம். கொடம், அண்டா எல்லாத்தையும் கவுத்தாச்சு. இது மட்டும் என்ன, கங்கைத் தண்ணியா?"

"தண்ணியே இல்லீங்க அது."

"பின்னே?"

சௌந்திரம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அலமாரியில் நின்ற ஏழு பாட்டில்களிலும் இருந்தது அவள் கணவன் அர்த்தநாரியின் சிறுநீர். இன்னும் அளந்து முடிக்காத ஏழு நாள், நாளுக்கொரு பாட்டில். தேதிச் சீட்டுகள் அவன் கையெழுத்தில் இருந்தன. அவன் விடிகாலையில்தான் இறந்திருந்தான். மூன்றே நாள் காய்ச்சல்.

விஷயம் தெரிந்ததும் அவன் அக்காள் சின்னாயி கையை உதறிக்கொண்டாள். "அட சாமி! இதையா ஊதுபத்தி கொளுத்தாத கொறையா அடுக்கி வெச்சிருந்தான்?" சிரிப்பு வந்த வாயிலேயே அழுகையும் வந்தது. "பெங்களூர் வரைக்கும் போயிப் படிச்சு, கடைசீல களியத் தின்னே செத்தானே எம்பட தம்பி! நீயாச்சும் ஒரு வாய் நல்லதாப் போட்டிருக்கப்படாதா?"

சௌந்திரம் பாட்டில்களைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தாள்.

உண்ணும் உணவு எப்படித் தசையாகிறது, தசை எப்படிக் கரைகிறது என்பதுதான் பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் அர்த்தநாரியின் பன்னிரண்டு வருட வேலை. குமாரபாளையத்து நெசவாளர்கள் தின்பதையே தானும் நாற்பது நாள் தின்று பார்ப்பதென்று சொந்த ஊரான திருச்செங்கோட்டுக்கு வந்திருந்தான். ராகிக் களியும் கீரைத் தண்ணியும்தான். தராசில் நிறுத்துப் போடுவது அவள் பொறுப்பு. சிறுநீரில் வெளியே போகும் சத்தை அளப்பது அவன் பொறுப்பு.

பத்தாம் நாள், குளித்துவிட்டு வந்தவனின் தோள் எலும்பைப் பார்த்தாள். அன்று முதல் கொதிக்கிற களியில் இரண்டு முட்டையின் வெள்ளையை அடித்துக் கிளறினாள். சோதனைக்கு வைத்திருந்த அமிலத்தின் வாடையில் மூக்குச் செத்துப்போயிருந்த அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவன் கணக்கெழுதும் நோட்டுக்குத்தான் தெரிந்தது.

"உள்ள போற சத்தை விட வெளிய வாரது ஜாஸ்தியா இருக்குது. அப்படின்னா சதை கரையோணும். ஆனா கரையல. நீ நிறுத்தது சரிதானே?"

"சரிதானுங்க."

"அப்ப ஒடம்பு எங்கிருந்தோ எடுக்குது சௌந்திரம்!" பேனாவைப் பிடித்தபடியே நட்சத்திரங்களைப் பார்ப்பவன்போல கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அத்தனை சந்தோஷமாக அவள் கண்டதில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டாள். நாளை, நாளை என்று முப்பத்தோராம் நாள் காய்ச்சல் வந்துவிட்டது.

வாசலில் பேருந்துத் தூசியோடு வந்து நின்றார் வெங்கடாசலம். பெங்களூரில் அவனோடு வேலை பார்த்தவர், இப்போது சேலத்தில் கல்லூரி வாத்தியார். உடலருகே நின்று அழுதார். பிறகு உள்ளே வந்து, மேஜைமேல் இருந்த நோட்டைத் திறந்தார். நின்றபடியே வெகுநேரம் படித்தார்.

"அண்ணி, எனக்குக் கடுதாசி போட்டிருந்தாருங்க. நான்தான் நம்பல. இதைச் சீமைப் பத்திரிகைக்கு அனுப்போணும். அண்ணன் பேரு நின்னுரும்" என்றார் சௌந்திரத்திடம்.

"ஏனுங்க, இது அச்சாகிட்டா என்ன ஆகும்?"

"ஏழைக்குக் களியே போதும்னு ஆயிரும். கூலி கூட்ட வேண்டாம்னு மில்லுக்காரங்க கொண்டாடுவாங்க." அவர் சொன்னது பெருமையா கவலையா என்று அவளுக்கு விளங்கவில்லை. அவருக்கே விளங்கவில்லை போலிருந்தது.

முட்டை போட்டதைச் சொல்லிவிட்டால் பட்டினி போட்டவள் என்ற பழி இந்த நிமிஷமே போய்விடும். அவன் கண்ட அதிசயமும் அதோடு போய்விடும். சொல்லாவிட்டால், யாரென்றே தெரியாத தறிக்காரர்களின் தட்டில் களி மட்டுமே விழும். இதில் எது அவனுக்குச் செய்கிற துரோகம்? மனசுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்கக் கேட்கக் கேள்வியே மாறிக்கொண்டிருந்தது.

வாசலில் நீர்மாலைத் தண்ணீர் வந்துவிட்டது. குளிப்பாட்ட உடலைத் தூக்கினார்கள்.

"கெட்டியாப் புடிங்கப்பா!" என்றான் பங்காளி செங்கோடன். "அண்ணன் நல்ல கனம். களி தின்ன ஒடம்பாட்டவே இல்லியே!"

சின்னாயி அழுகையை நிறுத்தினாள். திரும்பி, சௌந்திரத்தின் முகத்தையே பார்த்தாள்.

வெங்கடாசலம் நோட்டின் கடைசிப் பக்கத்தை விரித்து அவள் பக்கம் நகர்த்தினார். பேனா மூடியைக் கழற்றினார்.

"நிறுத்துப் போட்டவங்களோட சாட்சியைக் கேப்பாங்க அண்ணி. களியும் கீரையும் தவிர வேற ஒண்ணும் போடலைன்னு, இங்க ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க."